தாய் ஏன் இறந்தாள்: சென்னையில் மருத்துவமனை மரண விசாரணையின் வரலாறு

அரசு மருத்துவமனையில் சேர்ந்த ஒருவர் சிகிச்சையில் நேர்ந்த பிழையால் இறந்திருக்கலாம் என்ற ஐயம் எழுந்தால் அதை யார் விசாரிப்பது? இந்தக் கேள்விக்குச் சென்னை நகரம் நூற்றைம்பது ஆண்டுகளாகப் பல விடைகளைக் கண்டுவந்திருக்கிறது. ஒரு காலத்தில் கொரோனர் விசாரித்தார். பின்னர் அது போலீஸ் கைக்குப் போனது. நீதிமன்றங்களும் துறைக் குழுக்களும் இடையிடையே விசாரித்தன. இவற்றுள் உயிர்களைக் காப்பாற்றியதாகத் துணிந்து சொல்லத்தக்கது மகப்பேறு மரணத் தணிக்கை. தேனாம்பேட்டை டி.எம்.எஸ். (மருத்துவப் பணிகள் இயக்குநரக) வளாகத்திலிருந்து தமிழகம் முழுவதற்கும் நடத்தப்படும் இந்த முறையை மருத்துவர்களும் செவிலியர்களும் சுருக்கமாக ‘ஆடிட்’ என்பார்கள்.

பிரிட்டிஷ் ஆட்சியின் மூன்று மாகாணத் தலைநகரங்களிலும் கொரோனர் என்ற அதிகாரி இருந்தார். திடீர் மரணம், விபத்து, காரணம் தெரியாத சாவு, சிறைச்சாலை மரணம் ஆகியவற்றில் ஜூரியை அமர்த்தி விசாரிப்பது அவர் வேலை. 1871-ஆம் ஆண்டின் கொரோனர் சட்டம் இந்தப் பதவியை ஒழுங்குபடுத்தியது. ஜூரியில் ஐந்து முதல் பதினைந்து பேர்வரை இருக்கலாம். பிணப் பரிசோதனைக்கு உத்தரவிடவும் மருத்துவரைச் சாட்சியாக அழைக்கவும் கொரோனருக்கு அதிகாரம் உண்டு. இந்த விசாரணையில் யாரும் குற்றவாளிக் கூண்டில் நிற்பதில்லை. இறந்தவர் யார், எப்போது, எங்கே, எதனால் இறந்தார் என்பதை மட்டும் முடிவு செய்தார்கள். மருத்துவமனையைச் சேராத, போலீஸும் அல்லாத ஒருவர் பொதுமக்கள் முன்னிலையில் நடத்திய விசாரணை அது. சென்னையில் இந்தப் பதவி நீடிக்கவில்லை. 1889-ல் ஒரு சட்டத்தின் மூலம் சென்னைக் கொரோனர் பதவி ஒழிக்கப்பட்டது. பம்பாயில் அது 1999 வரை இருந்தது.

அதன்பின் அந்த வேலை போலீஸிடம் போனது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174-ஆம் பிரிவில் சந்தேக மரணம் என்று வழக்குப் பதிந்து, பஞ்சாயத்தார் முன்னிலையில் பிரேத விசாரணை நடத்தி, உடலைப் பிரேதப் பரிசோதனைக்கு அனுப்புவதே இன்றுவரை தொடரும் வழக்கம். 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் பிரிவு எண் 194 ஆக மாறியதே தவிர, முறை மாறவில்லை. இன்ஸ்பெக்டர் தேடுவது குற்றம் நடந்ததா என்பதை. குற்றம் இல்லை என்று தெரிந்துவிட்டால் கோப்பு மூடப்படும். ரத்தம் வர மூன்று மணி நேரம் ஏன் ஆனது, இரவுப் பணியில் மயக்க மருந்து நிபுணர் ஏன் இல்லை என்பன போன்ற கேள்விகளுக்கு அந்தக் கோப்பில் இடமில்லை.

மருத்துவப் பிழை ஒன்றை அரசே தனிக் குழு வைத்து விசாரித்த ஆரம்பகால நிகழ்வு சென்னையில் நடந்ததல்ல, பஞ்சாபில் நடந்தது. ஆனாலும் இந்த வரலாற்றில் அதற்கு இடமுண்டு. 1902 அக்டோபர் 30 அன்று முல்கோவால் கிராமத்தில் 107 பேருக்கு பிளேக் தடுப்பூசி போடப்பட்டது. ஒரே பாட்டிலிலிருந்து மருந்து ஏற்றப்பட்ட 19 பேர் டெட்டனஸ் கண்டு இறந்தார்கள். பம்பாய்த் தலைமை நீதிபதி லாரன்ஸ் ஜென்கின்ஸ் தலைமையில் அமைந்த குழு, தயாரித்த ஆய்வகத்திலேயே பாட்டில் மாசுபட்டிருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தது. தடுப்பூசியைக் கண்டுபிடித்த வால்டெமார் ஹாஃப்கின் பதவியிலிருந்து விலக்கப்பட்டார். ஆனால் கிராமத்தில் பாட்டிலைத் திறந்தபோது உதவியாளர் கையிலிருந்த இடுக்கி தரையில் விழுந்ததும், அது சரியாகச் சுத்தம் செய்யப்படாமலே பயன்படுத்தப்பட்டதும் ஆவணத்தில் இருந்தன. ரொனால்ட் ராஸ் உள்ளிட்ட விஞ்ஞானிகள் வாதாடிய பிறகு, 1907-ல்தான் ஹாஃப்கின் மீதான பழி நீங்கியது. ஐந்து ஆண்டுகள் நடந்த சர்ச்சை ஒரு மனிதரின் பெயரைச் சுற்றியே சுழன்றது. கிண்டியில் 1899-ல் நிறுவப்பட்ட கிங் நிறுவனம் போல, மாகாணங்கள் சொந்தமாகத் தடுப்பு மருந்து தயாரிக்கத் தொடங்கிய காலம் அது. முல்கோவால் அத்தனை ஆய்வகங்களுக்கும் எச்சரிக்கையாக இருந்தது.

மகப்பேற்று மரணத்தின் பக்கம் வந்தால் சென்னைக்கு நீண்ட பழக்கம் உண்டு. 1844-ல் தொடங்கிய பிரசவ மருத்துவமனைதான் பின்னாளில் எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனை ஆனது. ஆண் மருத்துவர்களிடம் போகாத பெண்களுக்காக மேரி ஷார்லீப் முயற்சியில் 1885-ல் தொடங்கப்பட்டு, பின்னர் திருவல்லிக்கேணிக் கடற்கரைப் பக்கம் நிலைகொண்டது கோஷா ஆஸ்பத்திரி. கஸ்தூரிபா காந்தி பெயர் சூட்டப்பட்ட பிறகும் மயிலாப்பூர், மந்தைவெளி, திருவல்லிக்கேணிக் குடும்பங்களுக்கு அது இன்னும் கோஷா ஆஸ்பத்திரிதான். 1911-ல் வந்த ராயப்பேட்டை மருத்துவமனை, நகரின் தென்பாதி மக்கள் மற்ற நோய்களுக்கு நம்பிச் சென்ற இடமானது. இந்த மருத்துவமனைகளில் பிரசவத்தின்போது இறந்தவர்களின் எண்ணிக்கை ஆண்டறிக்கைகளில் வந்தது. ஒவ்வொரு சாவுக்குப் பின்னாலும் என்ன நடந்தது என்பது வரவில்லை.

அதைக் கேட்கத் தொடங்கியவர்களில் முதன்மையானவர் ஆ. லட்சுமணசுவாமி முதலியார். எழும்பூரில் பணியாற்றிய மகப்பேறு மருத்துவர். மெட்ராஸ் மெடிக்கல் காலேஜின் முதல் இந்திய முதல்வர். பிற்காலத்தில் இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாகச் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். பிரிட்டனில் பேறுகால மரணங்களை ஆராய 1928-ல் ஒரு அரசுக் குழு அமைக்கப்பட்டு, ஆயிரக்கணக்கான மரணங்களைத் தனித்தனியாக எடுத்துப் பார்த்தது. அதையொட்டி இங்கும் அந்த ஆர்வம் எழுந்தது. 1930-களில் முதலியார் சென்னை நகரத் தாய்மார் மரணங்களைக் காரணம் காரணமாகப் பிரித்து ஆராய்ந்தார். பிரசவத்துக்குப் பின் வரும் தொற்று, ரத்தசோகை, வலிப்பு, ரத்தப்போக்கு என்று அவர் காலத்தில் தாய்மாரைக் கொன்றவை பெரும்பாலும் தடுக்கக்கூடியவையாகவே இருந்தன. 1939-ல் சென்னை மாகாணம் இயற்றிய பொதுச் சுகாதாரச் சட்டம், அந்த வகையில் இந்தியாவில் முதலாவது. தாய்சேய் நலத்துக்கு அதில் தனி அத்தியாயம் இருந்தது. நாட்டின் சுகாதார நிலையை ஆராய்ந்த, முதலியாரும் உறுப்பினராக இருந்த போர் (Bhore) குழு 1946-ல் தந்த அறிக்கை, இந்தியாவில் ஆயிரம் பிரசவத்துக்கு 20 தாய்மார் இறக்கிறார்கள் என்றும், ஆண்டுக்கு இரண்டு லட்சம் பேர் என்றும் மதிப்பிட்டது. இவ்வளவு பெரிய எண்ணின் முன்னால், தனித்தனி மரணத்தை ஆராயும் எண்ணம் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பின்னுக்குப் போனது. அது பெரிய இழப்பு. எண்ணை வைத்து நிதி ஒதுக்கலாம். எந்த வார்டில் எந்த இரவில் எது இல்லாமல் போனது என்பதை எண் சொல்லாது.

இந்த இடைவெளியில் பிரிட்டன் வேறு வழியில் போனது. இங்கிலாந்தும் வேல்ஸும் 1952-ல் ‘ரகசிய விசாரணை’ என்ற முறையைத் தொடங்கின. இறந்த ஒவ்வொரு தாயின் குறிப்பேடும் பெயர்கள் நீக்கப்பட்டு வல்லுநர்களிடம் போகும். தவிர்த்திருக்கக்கூடிய காரணம் எது என்று அவர்கள் எழுதுவார்கள். மூன்றாண்டுக்கு ஒருமுறை எல்லாம் சேர்ந்து புத்தகமாக வரும். யார் செய்தது என்று யாருக்கும் தெரியாது. என்ன நடந்தது என்பது நாடு முழுவதற்கும் தெரியும். இலங்கை 1980-களின் நடுவில், மகப்பேறு மரணம் ஒவ்வொன்றையும் அறிவித்தே ஆக வேண்டும், விசாரித்தே ஆக வேண்டும் என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. மருத்துவச்சியிலிருந்து நிபுணர்வரை ஒரே மேசையில் உட்காரும் அந்த முறை, வருமானம் குறைந்த நாடும் இதைச் செய்ய முடியும் என்பதற்கு அத்தாட்சியாக நின்றது.

தமிழ்நாட்டில் 1994-ல் மகப்பேறு மரணங்களைத் தணிக்கை செய்யும் பணி தொடங்கியது. அப்போது மாநிலத்தில் ஒரு லட்சம் உயிர்ப் பிரசவங்களுக்கு 380 தாய்மார் இறந்துகொண்டிருந்ததாகக் கணக்கு. முதல் சில ஆண்டுகளில் பதிவான மரணங்களின் எண்ணிக்கை குறையவில்லை, கூடியது. மறைந்து கிடந்த சாவுகள் வெளியே வரத் தொடங்கியதற்கு அது அடையாளம். 2000-க்குப் பிறகு அரசாணைகள் ஒவ்வொன்றாக வந்து முறையை இறுக்கின. கர்ப்ப காலத்திலோ, பிரசவம் அல்லது கருக்கலைப்பு முடிந்த 42 நாளுக்குள்ளோ ஒரு பெண் இறந்தால் இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் தகவல் மேலே போக வேண்டும். கிராம சுகாதாரச் செவிலியர், அங்கன்வாடிப் பணியாளர், தனியார் நர்சிங் ஹோம் என எவரும் இந்தக் கடமைக்கு விலக்கல்ல.

தணிக்கை இரண்டு திசையிலிருந்து நடக்கிறது. முதலாவது வீட்டிலிருந்து. குழு இறந்தவரின் வீட்டுக்குப் போய், கணவரிடமும் தாயிடமும் மாமியாரிடமும் பேசி, வலி எடுத்த நேரம் முதல் உயிர் பிரிந்த நேரம்வரை கேட்டு எழுதுகிறது. இரண்டாவது மருத்துவமனையிலிருந்து. அங்கே கேஸ் ஷீட், லேபர் வார்டு பதிவேடு, ரத்த வங்கிப் பதிவேடு, 108 ஆம்புலன்ஸ் குறிப்பு ஆகியவை எடுத்து வைக்கப்படும். இரண்டு கதைகளும் ஒரே மேசையில் சந்திக்கின்றன.

தணிக்கைப் படிவத்தில் நேரத்துக்குத்தான் முதல் இடம். எடுத்துக்காட்டாக, ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரவு 10.15-க்குக் குழந்தை பிறந்திருக்கும். 10.40-க்கு ரத்தப்போக்கு அதிகம் என்று ஸ்டாஃப் நர்ஸ் எழுதியிருப்பார். 11.30-க்கு ரெஃபர் சீட்டு. 12.20-க்குப் பெரிய மருத்துவமனையின் வாசல். ட்யூட்டி டாக்டர் பார்த்தது 12.35. ரத்தம் கேட்டது 12.50, ரத்தம் ஏறத் தொடங்கியது 2.10. இதில் எந்த வரியிலும் ‘அலட்சியம்’ என்ற சொல் வராது. ஆனால் 10.40-க்கும் 11.30-க்கும் நடுவில் என்ன நடந்தது, 12.50-க்கும் 2.10-க்கும் நடுவில் யார் எங்கே ஓடினார்கள் என்று கேட்கும்போது, மருத்துவர் ஒருவரைக் கண்டிப்பதால் தீராத காரணங்கள் வெளியே வருகின்றன. வீட்டில் முடிவெடுப்பதில் தாமதம், வந்து சேர்வதில் தாமதம், வந்த இடத்தில் சிகிச்சை கிடைப்பதில் தாமதம் என்று உலகெங்கும் பேறுகால ஆய்வாளர்கள் பிரிக்கும் மூன்று தாமதங்களில், மூன்றாவது அரசின் பொறுப்பு. தமிழகத்தின் தணிக்கை அந்த மூன்றாவதன்மேல் வெளிச்சம் போட்டது.

இந்த முறைக்குத் தமிழ்நாட்டின் நிர்வாக அமைப்பே ஒரு வலிமை தந்தது. மற்ற மாநிலங்கள் பலவற்றில் சுகாதாரத் துறை ஒரே இயக்குநரகம். இங்கே பிரிட்டிஷ் காலத்திலிருந்தே பொது சுகாதாரம் தனி. மாவட்ட, வட்ட மருத்துவமனைகள் மருத்துவப் பணிகள் இயக்குநரகத்தின் கீழ், மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் மருத்துவக் கல்வி இயக்குநரகத்தின் கீழ். முதல் இரண்டும் தேனாம்பேட்டையில் ஒரே வளாகம், மூன்றாவது கீழ்ப்பாக்கம். பெரிய மருத்துவமனையில் நடந்த மரணத்தைப் பொது சுகாதாரத் துறையினர் வந்து விசாரிக்கும்போது, அவர்கள் அந்த டீனுக்கோ கண்காணிப்பாளருக்கோ கீழ்ப்பட்டவர்கள் அல்லர். அரசுக்குள் அரசு கேட்கும் கேள்வி என்றாலும், தன் வார்டைத் தானே விசாரிப்பதைவிட இது மேல். மாவட்ட ஆட்சியர் தலைமையில் நடக்கும் கூட்டத்துக்கு இறந்தவரின் உறவினரையும் அழைத்துப் பேசவைத்தது இதன் துணிச்சலான பகுதி. பிரிட்டனின் ரகசிய முறையில் குடும்பத்துக்கு அந்த இருக்கை கிடையாது.

தென்சென்னையில் இந்தத் தணிக்கைக்குத் தனியான ஒரு சிக்கல் உண்டு. தி.நகர், மயிலாப்பூர், அடையாறு பகுதிகளில் நடுத்தரக் குடும்பங்களின் பிரசவங்கள் பெரும்பாலும் நர்சிங் ஹோம்களிலும் தனியார் மருத்துவமனைகளிலும் நடக்கின்றன. நிலைமை கைமீறும்போது கடைசி மணி நேரத்தில் நோயாளி அரசு மருத்துவமனைக்கு வருகிறார். மரணம் அரசுக் கணக்கில் ஏறுகிறது. தணிக்கை இரண்டு இடத்துக் கேஸ் ஷீட்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும். தனியாரையும் அறிவிக்கச் சொன்ன உத்தரவின் அருமை இங்கேதான் விளங்கும். அது இல்லாவிட்டால் கோஷாவும் எழும்பூரும் மற்றவர்களின் தாமதத்துக்கும் சேர்த்துப் பழி சுமந்திருக்கும்.

தணிக்கையில் திரும்பத் திரும்ப வந்த காரணங்கள் திட்டங்களாயின. இரவில் ஆரம்ப சுகாதார நிலையம் பூட்டிக் கிடக்கிறது என்ற குறிப்பு குவிந்தபின், மூன்று ஸ்டாஃப் நர்ஸ்களை முறைப்பணியில் அமர்த்தி இருபத்து நான்கு மணி நேரப் பிரசவ சேவை தொடங்கியது. சிசேரியன் செய்ய மருத்துவர் இருந்தும் மயக்க மருந்து கொடுக்க ஆள் இல்லை, ரத்தம் இல்லை என்ற குறிப்பிலிருந்து, எந்நேரமும் அறுவை சிகிச்சையும் ரத்தமும் கிடைக்கும் அவசர மகப்பேறு மையங்கள் மாவட்டம்தோறும் உருவாயின. முன்தகவல் இல்லாமல் அனுப்பிவைக்காதே, போன் செய்துவிட்டு அனுப்பு என்ற எளிய விதி வந்தது. 2008 செப்டம்பரில் 108 ஆம்புலன்ஸ் ஓடத் தொடங்கியது. ரத்தசோகை உள்ள கர்ப்பிணிக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இரும்புச்சத்து ஊசி ஏற்றப்பட்டது. மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் மகப்பேறு மரண விகிதம் 2001–03-ல் 134, 2004–06-ல் 111, 2007–09-ல் 97, 2011–13-ல் 79, 2016–18-ல் 60, 2018–20-ல் 54. பெண் கல்வி, சிறு குடும்பம், சாலை வசதி எல்லாவற்றுக்கும் இதில் பங்குண்டு. ஆனால் அந்த மூன்று நர்ஸ் எங்கே வேண்டும் என்று காட்டியது தணிக்கைதான். மத்திய அரசு நாடு முழுவதற்குமான மகப்பேறு மரண ஆய்வு வழிகாட்டியை 2010-ல்தான் வெளியிட்டது.

குறையும் இருந்தது, அதை மூடி மறைப்பதில் பயனில்லை. ஆட்சியர் முன்னிலையில் உறவினரும் மருத்துவரும் எதிரெதிரே உட்காரும் கூட்டம், கற்றுக்கொள்ளும் இடமாகவும் இருக்கலாம், மிரட்டும் இடமாகவும் இருக்கலாம். எது ஆகும் என்பது தலைமை வகிப்பவரைப் பொறுத்தது. மகப்பேற்றுத் துறை அறியாத அதிகாரிகள் தங்களைக் குற்றவாளி போல் நிறுத்திக் கேட்கிறார்கள் என்று அரசு மருத்துவர் சங்கங்கள் பலமுறை புகார் சொல்லியிருக்கின்றன. 2023-ல் மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் தாய்மார் மரணம் தொடர்பாக மாநகராட்சியின் நகர்நல அலுவலர் ஆவணங்களைப் பார்த்தபோது, கேஸ் ஷீட்டில் திருத்தம் செய்யப்பட்டதாகக் குற்றச்சாட்டு எழுந்தது. மருத்துவர்கள் கொதித்தெழுந்து போராட்டத்தில் இறங்கினார்கள். இரு தரப்பிலும் நியாயம் இருந்தது. ஆவணம் தொடப்படாமல் கிடைக்காவிட்டால் விசாரணையே இல்லை. சொன்னது தண்டனையாகத் திரும்பும் என்ற பயம் இருந்தால் ஆவணம் தொடப்படாமல் கிடைக்கவும் செய்யாது.

கேரளம் இந்த முடிச்சை வேறு விதமாக அவிழ்த்தது. அங்கே 2004 முதல் மகப்பேறு மருத்துவர்களின் சங்கமே அரசின் ஒப்புதலோடு ரகசிய ஆய்வை நடத்துகிறது. பெயரும் ஊரும் நீக்கிய குறிப்புகளை மூத்த மருத்துவர்கள் படித்து, பாடங்களைப் புத்தகமாக வெளியிடுகிறார்கள். எந்த மாவட்டத்து இளம் மருத்துவரும் அதை வாங்கிப் படிக்கலாம். தமிழ்நாட்டின் தணிக்கைக் கோப்புகள் அப்படிப் பொதுவெளிக்கு வருவதில்லை. குடும்பத்தைப் பேசவைத்ததில் தமிழ்நாடு முந்தியது, கற்றதைப் பகிர்வதில் கேரளம் முந்தியது.

மகப்பேறு அல்லாத மற்ற மரணங்களுக்கு இத்தகைய ஏற்பாடு எதுவும் வரவில்லை. அவை நீதிமன்றத்தின் வாசலில் போய் நின்றன. 1986-ன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் மருத்துவம் அடங்குமா என்ற வழக்கில், மருத்துவரின் சிகிச்சை அதில் சேராது என்று சென்னை உயர் நீதிமன்றம் 1994-ல் தீர்ப்பளித்தது. 1995 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. கட்டணம் வாங்கும் மருத்துவமனைகள் சட்டத்துக்குள் வந்தன. எல்லோருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் அரசு மருத்துவமனை வெளியிலேயே நின்றது. தி.நகர் நர்சிங் ஹோமில் பணம் கட்டியவர் நுகர்வோர் மன்றத்துக்குப் போகலாம். ராயப்பேட்டையில் பொது வார்டில் படுத்தவர் போக முடியாது. ஏழைக்கு இருந்த வழி உயர் நீதிமன்ற ரிட் மனுவும் போலீஸ் புகாரும்தான். 2005-ல் ஜேக்கப் மாத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம், சார்பற்ற மருத்துவக் கருத்து பெறாமல் மருத்துவர் மீது குற்ற வழக்கு தொடரக் கூடாது என்றது. அந்தக் கருத்தை அரசுப் பணியில் உள்ள மருத்துவரிடம் பெறுவது நல்லது என்றும் சொன்னது. தனியார் மருத்துவர் மீதான புகாருக்கு அது பொருந்தும். அரசு மருத்துவமனை மீதான புகாரில், துறையைப் பற்றித் துறையே கருத்துச் சொல்வதாக அது முடிகிறது.

பெரிய சம்பவம் நடக்கும்போதெல்லாம் அவசரக் குழு அமைக்கப்படுகிறது. 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மைத் தடுப்பூசி போட்ட நான்கு குழந்தைகள் இறந்தபோது மாநிலமும் மத்திய அரசும் குழுக்களை அனுப்பின. தடுப்பூசிப் பணி துணை சுகாதார நிலையங்களிலிருந்து, மருத்துவர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு மாற்றப்பட்டது. 2018 டிசம்பரில் சாத்தூர் அரசு மருத்துவமனையில் ஒரு கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி. தொற்றுள்ள ரத்தம் ஏற்றப்பட்டது தெரியவந்தது. தானம் செய்தவரின் முந்தைய தானத்திலேயே தொற்று தெரிந்தும் அவருக்குச் சொல்லப்படவில்லை என்று செய்திகள் வந்தன. ஆய்வக ஊழியர்கள் மீது உடனே நடவடிக்கை பாய்ந்தது. 2022 நவம்பரில் சென்னை பெரியார் நகர் அரசு மருத்துவமனையில் மூட்டு அறுவை சிகிச்சை செய்துகொண்ட இளம் கால்பந்து வீராங்கனை, காலை இழந்து, பின்னர் ராஜீவ் காந்தி அரசு மருத்துவமனையில் உயிரையும் இழந்தார். இறுகக் கட்டிய கட்டு ரத்த ஓட்டத்தை நிறுத்தியதாகத் துறைக் குழு சொன்னது. இரு மருத்துவர்கள் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள், வழக்குப் பதிவானது.

மூன்று நிகழ்விலும் குழுவை அமைத்தது சுகாதாரத் துறை, அறிக்கையைப் பெற்றது சுகாதாரத் துறை, முடிவை ஊடகத்தில் அறிவித்ததும் அரசே. மகப்பேறு தணிக்கையில் மணிக்கு மணி தேடப்படும் ‘ஏன்’ என்ற கேள்வி இங்கே ‘யார்’ என்ற கேள்வியோடு நின்றுவிட்டது. கட்டுப்போட்ட பின் எத்தனை மணிக்கொரு முறை விரல் நுனியைப் பார்க்க வேண்டும், பார்த்தவர் எங்கே எழுத வேண்டும், நிறம் மாறினால் யாரை அழைக்க வேண்டும், அழைத்தும் வராவிட்டால் அடுத்தது யார் என்பன இன்னொரு காலைக் காப்பாற்றும் கேள்விகள். பணிநீக்க உத்தரவில் இவற்றுக்கு விடை இல்லை.

இந்த வெற்றிடம் மருத்துவரையும் காயப்படுத்துகிறது. 2023 ஜூனில் கிண்டி கிங் நிறுவன வளாகத்தில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனையில், 2024 நவம்பர் 13 அன்று புற்றுநோய்த் துறை மருத்துவர் ஒருவர் தம் அறையிலேயே கத்தியால் குத்தப்பட்டார். குத்தியவர் ஒரு நோயாளியின் மகன். தாய்க்குத் தரப்பட்ட சிகிச்சையில் தவறு என்பது அவர் எண்ணம். மருத்துவர் உயிர் பிழைத்தார். அந்தச் செயலுக்கு எந்த நியாயமும் கிடையாது. மருத்துவப் பணியாளர் மீதான வன்முறையைத் தடுக்க 2008-லிருந்தே மாநிலத்தில் தனிச் சட்டம் உண்டு. தாக்குதலுக்குப் பிறகு பேச்செல்லாம் மெட்டல் டிடெக்டர், காவலர், பார்வையாளர் அடையாளப் பட்டை பற்றியே இருந்தது. சிகிச்சையில் ஐயம் கொண்ட குடும்பம் எங்கே போய்க் கேட்பது, யார் அவர்களுக்கு கேஸ் ஷீட்டைப் படித்து விளக்குவது என்பது பற்றிய பேச்சு மிகக் குறைவு.

சார்பற்ற விசாரணைக்கான தனி அமைப்பு உலகில் புதியதுதான். விமான விபத்தை விசாரிக்கும் முறையைப் பின்பற்றி இங்கிலாந்து 2017 ஏப்ரலில் தேசிய சுகாதார சேவைக்கென ஒரு பாதுகாப்பு விசாரணைப் பிரிவைத் தொடங்கியது. 2023 அக்டோபரில் அது சட்டப்படி தன்னுரிமை பெற்ற அமைப்பாயிற்று. சாட்சி சொன்னவரின் வாக்குமூலத்தை வழக்குக்குப் பயன்படுத்தப் பெரும்பாலும் தடை உண்டு. நார்வேயும் 2019-ல் இத்தகைய அமைப்பை நிறுவியது. இந்தியாவில் 2018-ல் வெளியான தேசிய நோயாளிப் பாதுகாப்புச் செயல்திட்டம் 2025 வரையிலான காலத்துக்கானது. சம்பவங்களை அறிவிக்கும் பழக்கத்தை வளர்க்க வேண்டும் என்று அது சொன்னது. விசாரிக்கும் அமைப்பை அது உருவாக்கவில்லை. மருந்து, ரத்தம், தடுப்பூசி, மருத்துவக் கருவி ஒவ்வொன்றின் பக்கவிளைவுக்கும் தேசியக் கண்காணிப்புத் திட்டம் இருக்கிறது. வார்டில் நேரும் பிழைக்கு இல்லை.

தமிழ்நாட்டிடம் இதற்குத் தேவையான பயிற்சி இருக்கிறது. முப்பது ஆண்டுகளாக வீடுவீடாகப் போய் ஒரு மரணத்தின் நேரக்கோட்டை எழுதத் தெரிந்த செவிலியர்களும், கேஸ் ஷீட்டில் விடுபட்ட ஒரு மணி நேரத்தைக் கண்டுபிடிக்கத் தெரிந்த மருத்துவர்களும் இந்த மாநிலத்தில் இருக்கிறார்கள். அறுவை சிகிச்சை மரணத்துக்கும் பச்சிளங்குழந்தை மரணத்துக்கும் மருந்துப் பிழைக்கும் அதே முறையை விரிக்கலாம். விசாரிப்பவரை மூன்று இயக்குநரகங்களுக்கும் வெளியே வைத்து, சொன்னவருக்குப் பாதுகாப்பும் குடும்பத்துக்கு இருக்கையும் தந்து, பெயர் நீக்கிய அறிக்கையை ஆண்டுதோறும் தமிழில் வெளியிட ஒரு சட்டம் போதும். அந்தச் சட்டத்தைச் சட்டமன்றம் இன்னும் இயற்றவில்லை.